நூலகர் கற்கட்டும், வேலை நிலைக்கட்டும்!

பிராவிடண்டுப் பணம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆலைத் தொழிலாளி இனி மில் ஆபீஸ் ஜன்னலில் தவம் கிடக்க வேண்டியதில்லை என்கிறது சர்க்கார். 2014 முதல் தொழிலாளிக்கு 12 இலக்க எண் ஒன்று தரப்பட்டது. அதைத் தட்டினால் கணக்கு தெரியும். 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளருக்கு இ-ஷ்ரம் பதிவு வந்தது, அதுவும் இன்டர்நெட்டில்தான். 2023 ஜனவரியில் நூறு நாள் வேலையின் வருகைப் பதிவு செல்போன் வழியே எடுக்கப்பட வேண்டுமென்று கட்டாயமாக்கப்பட்டது. நலவாரியப் பதிவு, பிள்ளையின் ஸ்காலர்ஷிப், சாதிச் சான்று, பரீட்சை விண்ணப்பம் எல்லாமே ஒவ்வொன்றாக யந்திரத்துக்குள் போய்விட்டன.

உள்ளே போனதை வெளியே எடுத்துத் தருவது யார்? செல்போன்தான் எல்லோர் கையிலும் இருக்கிறதே என்று சொல்லக்கூடும். சினிமாப் பாட்டுப் பார்ப்பதற்கு அது போதும். நாலு பக்க விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்புவதற்கும், கேட்ட அளவில் படத்தைச் சுருக்கி ஏற்றுவதற்கும் வேறு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் இல்லாத கூலிக்காரன் அரை நாள் கூலியை இழந்து, கம்ப்யூட்டர் சென்டரில் கேட்ட காசைக் கொடுத்து, என்ன எழுதினார்கள் என்று தெரியாமலேயே திரும்புகிறான்.

ஊருக்குள் காசு வாங்காமல் எல்லோருக்கும் கதவு திறக்கும் சர்க்கார் ஸ்தாபனம் ஒன்று உண்டு. அதுதான் நூல்நிலையம். அங்கே உட்கார்ந்திருக்கும் ஊழியர் இந்தப் புதிய கருவிகளைக் கற்றுக்கொண்டால் பாதிக் கஷ்டம் தீரும். கற்க வேண்டுமா என்பதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை. எப்படிக் கற்பது, யார் செலவில், யார் நேரத்தில், கற்ற பிறகு அந்த ஊழியரின் கதி என்ன என்பனவே கேள்விகள். இவற்றுக்கு விடை தேட உலகின் மறு கோடியில் நடந்த ஒரு விஷயத்தை நம் வாசகர்கள் அறிவது நல்லது.

அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் சார்லட் என்ற நகரம் இருக்கிறது. அது பஞ்சாலைப் பிரதேசத்தின் நடு நகரம். அதற்கு மேற்கே சிறிது தூரத்தில் உள்ள காஸ்டோனியாவின் லோரே மில் போராட்டம் உலகத் தொழிலாளி வர்க்கத்தின் சரித்திரத்தில் இடம் பெற்றது. அந்த மில்லில் சுமார் 3,500 பேர் செய்த வேலையை 2,200 பேர் தலையில் கட்டினார்கள். இரண்டு சைடு பார்த்தவரை நாலு சைடு பார்க்கச் சொல்லும் வித்தை கோவைத் தொழிலாளிக்குப் புதிதல்ல. அங்கே அதற்கு ‘ஸ்ட்ரெட்ச்-அவுட்’ என்று பெயர்; ஆளை ரப்பர் போல இழுத்து நீட்டுவது என்று அர்த்தம். 1929 ஏப்ரலில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். வாரம் 20 டாலர் குறைந்தபட்சக் கூலி, 40 மணி நேர வேலை, சங்க அங்கீகாரம் ஆகியவை அவர்கள் கோரிக்கைகள். அந்த ஆண்டு செப்டம்பரில் சங்கக் கூட்டத்துக்கு லாரியில் போய்க்கொண்டிருந்த எல்லா மே விக்கின்ஸ் என்ற ஆலைத் தொழிலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். பல குழந்தைகளின் தாய் அவர். கொலைக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. வேலை நிறுத்தத் தலைவர்கள் மீதான வழக்கு சார்லட் நகரில்தான் விசாரிக்கப்பட்டது.

அதே சார்லட் நகரத்தின் பொது நூல்நிலையத்தில் 2006 ஆகஸ்டில் ஒரு புதுக் காரியம் தொடங்கியது. அப்போது இன்டர்நெட்டில் ஒரு மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. அதுவரை சிலர் எழுத, மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தனர். இனி யாரும் எழுதலாம், படம் போடலாம், பிறர் எழுதியதைத் திருத்தலாம், கூடிப் பேசலாம் என்ற நிலை வந்தது. வாசகர்கள் முன்னே ஓட, நூலகர்கள் பின்தங்கினர். அந்த நூல்நிலையத்தின் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ஹெலீன் பிளவர்ஸ் என்ற பெண்மணி ஒரு திட்டம் வகுத்தார். அதற்கு ‘23 விஷயங்கள்’ என்ற பெயர் நிலைத்தது.

திட்டம் எளிமையானது. 9 வாரம், 23 சிறு பாடங்கள். ஒவ்வோர் ஊழியரும் முதலில் தமக்கென்று இன்டர்நெட்டில் ஒரு குறிப்பேடு தொடங்க வேண்டும். பிறகு படத்தைப் பகிர்வது, செய்தியைத் தேடி அலையாமல் தம்மிடம் வரவழைப்பது, பயனுள்ள பக்கத்துக்குச் சொல்லால் அடையாளம் இட்டு வைப்பது, பலர் சேர்ந்து ஒரே ஏட்டை எழுதுவது, யூடியூபில் தேடுவது, ஒலி நூலை இறக்கிக் கேட்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்க்க வேண்டும். செய்ததையும் தடுமாறியதையும் தம் குறிப்பேட்டில் எழுத வேண்டும். வகுப்பறை இல்லை, பரீட்சை இல்லை. நாளுக்கு 15 நிமிடம் என்பதே கணக்கு. சொந்தப் பெயரில் எழுதக் கூச்சப்படுவோர் புனைபெயரில் எழுதலாம். முடித்தவர்களுக்கு எம்.பி.3 என்னும் சிறு பாட்டுப் பெட்டி பரிசாகக் கிடைத்தது.

இதில் என்ன விசேஷம்? மேலேயிருந்து ஒரு நிபுணர் வந்து இரண்டு நாள் பிரசங்கம் செய்துவிட்டு, பயணப்படி வாங்கிக்கொண்டு போகும் பயிற்சியை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். கேட்டவர் மூன்றாம் நாளே மறந்துவிடுவார். சார்லட்டில் ஊழியரை நம்பினார்கள். செய்து பார், தவறினால் மறுபடி செய், தெரியாததைப் பக்கத்து ஊழியரிடம் கேள் என்றார்கள். நெசவு கற்பதும் நாற்று நடக் கற்பதும் இப்படித்தானே? ஒருவர் எழுதியதை மற்றவர் படித்ததால் தனக்கு மட்டும்தான் தெரியவில்லை என்ற வெட்கம் போனது. இந்தப் பாடங்களை எந்த நூல்நிலையமும் எடுத்துத் தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றும் விட்டுக்கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் பகுதியைச் சேர்ந்த நூல்நிலையங்கள் முதலில் எடுத்துக்கொண்டன. 2010இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை நூலகர்கள் எடுத்துக்கொண்டனர். பல நாடுகளில் நூற்றுக்கணக்கான நூல்நிலையங்களுக்கு அது பரவியது. அறிவைப் பூட்டி வைத்து விற்காமல் பொதுவில் வைத்தால் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு இது அத்தாட்சி.

இத்துடன் கதை முடிந்திருந்தால் பாராட்டி இரண்டு வரி எழுதி நிறுத்தியிருப்போம். முடியவில்லை.

2008இல் அமெரிக்கப் பாங்குகளின் சூதாட்டம் வெடித்தது. சார்லட் நகரம் பெரும் பாங்குகளின் தலைநகர். அங்கே தலைமையகம் கொண்ட வாக்கோவியா பாங்கு நொடித்து இன்னொரு பாங்கின் கைக்குப் போனது. அங்கேயே தலைமையகம் கொண்ட பாங்க் ஆப் அமெரிக்காவுக்கு அந்நாட்டு சர்க்கார் 4,500 கோடி டாலர் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது. அந்தப் பாங்கு 2009 இறுதியில் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது உண்மை. ஆனால் அதன் அவசரத்துக்கு நாட்டின் கஜானா திறந்தது. நூல்நிலையத்தின் அவசரத்துக்குத் திறக்கவில்லை. 2010 மார்ச்சில், 24 கிளைகளில் 12 கிளைகளை மூடுவது, 140 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவது என்று சார்லட் நூல்நிலைய நிர்வாகம் முடிவு செய்தது. உலகுக்கே பாடம் சொல்லிக் கொடுத்த நூல்நிலையத்தின் நிலை நாலே ஆண்டில் இதுவானது!

ஊர் மக்கள் கொதித்து எழுந்ததால் அந்த முடிவு அப்படியே நிறைவேறவில்லை. ஆனால் கிளைகள் திறந்திருக்கும் நேரம் வெட்டப்பட்டது. ஊழியர் பலர் வேலை இழந்தனர். சில கிளைகள் மூடப்பட்டன. மிஞ்சிய ஊழியர் தலையில் கூடுதல் வேலை விழுந்தது. லோரே மில்லின் ரப்பர் வித்தை 80 ஆண்டு கழித்து நூல்நிலையத்துக்குள் வந்து சேர்ந்தது. சர்க்கார் ஊழியர் சங்கத்துடன் கூட்டு ஒப்பந்தம் செய்வது செல்லாது என்று வட கரோலினாவில் 1959இல் இயற்றிய சட்டம் அப்போதும் அமுலில் இருந்தது. 23 விஷயங்களையும் கற்ற ஊழியருக்கு, நிர்வாகத்துடன் சமமாக உட்கார்ந்து பேசும் 24ஆவது விஷயம் மறுக்கப்பட்டிருந்தது.

பிரிட்டனில் நடந்ததும் இதுவே. 2010க்குப் பின் வந்த செலவு வெட்டில், 6 ஆண்டில் 343 நூல்நிலையங்கள் மூடப்பட்டன என்றும், ஏறத்தாழ 8,000 வேலைகள் போயின என்றும் பி.பி.சி. 2016இல் கணக்கெடுத்துச் சொன்னது. அதே காலத்தில் 15,500 தொண்டர்கள் சேர்க்கப்பட்டார்கள். சம்பளம் வாங்கும் ஊழியரை அனுப்பிவிட்டுச் சம்பளமில்லாத தொண்டரை உட்கார வைக்கும் சாமர்த்தியம் இது. அந்த நேரத்தில்தான் வேலையில்லாதோர் உதவித்தொகையை இன்டர்நெட்டில் கேட்க வேண்டும் என்ற முறையும் அங்கே புகுத்தப்பட்டது. கம்ப்யூட்டர் இல்லாத ஏழை எங்கே போவான்? நூல்நிலையத்துக்குத்தான். தேவை பெருகிய நாளில் கதவைச் சாத்தினார்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. சார்லட் ஊழியர்கள் 2006இல் கற்ற கருவிகள் பல இன்று இல்லை. பக்கங்களுக்கு அடையாளம் இட்டுச் சேமிக்கும் டெலிஷியஸ் என்ற ஏற்பாடு கை மாறிக் கை மாறி, 2017இல் புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி நின்றது. படம் பகிரும் பிளிக்கர் 2018இல் வேறு கம்பெனிக்கு விற்கப்பட்டது. இலவசக் கணக்குக்கு 1,000 படம் என்று வரம்பு வந்தது. உழைத்துச் சேர்த்தவர் மக்கள். வைப்பதா எடுப்பதா என்று தீர்மானித்தவர் உடைமைக்காரர். ஆகையால் ஒரு கம்பெனியின் பொத்தானை மட்டும் மனப்பாடம் செய்வது கல்வியாகாது. அஞ்சாமல் திறந்து பார்க்கும் பழக்கமே நிற்கும். பொதுமக்கள் சேர்த்த அறிவைப் பொது உடைமையாக உள்ள இடத்தில் வைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். நூல்நிலைய விஷயத்தில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்ல. 1931 அக்டோபரில் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்நிலையத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். படிக்க வர முடியாத உழவனிடம் புத்தகம் போயிற்று. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் நூலகத் துறைக்கே இலக்கணம் வகுத்தார். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. சுதந்திர இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம் அது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ரூபாய்க்கு 10 பைசா. குடிசைக்காரனும் கொடுக்கிறான், வாடகை வீட்டுக்காரனும் வாடகைக்குள் கொடுக்கிறான். ஆகவே கிளை நூலகத்தின் மேஜையும் நாற்காலியும் கம்ப்யூட்டரும் யாரும் போட்ட பிச்சை அல்ல. நம் காசு.

2010இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழும்பின. வரவேற்கிறோம். ஆனால் கதிரறுக்கும் பெண்ணும் இராத்திரி ஷிப்டு முடித்து வரும் தொழிலாளியும் மதுரைக்கோ சென்னைக்கோ போகப் போவதில்லை. அவர்களுக்கு உள்ளது தெருக்கோடிக் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும்தான். அங்கே பல இடங்களில் ஒரே ஓர் ஊழியர். கதவு திறப்பவர், பெருக்குபவர், பத்திரிகை அடுக்குபவர், புத்தகம் கொடுப்பவர், கணக்கு எழுதுபவர் எல்லாம் அவரே. அவரிடம் போய் ‘நீ டிஜிட்டலும் கற்றுக்கொள்’ என்று சுற்றறிக்கை அனுப்பினால் அது கல்வியல்ல, ஐந்தாவது சைடு.

யந்திரம் வந்தால் புத்தகம் செத்துவிடும் என்று பயப்படுவோர் சிலர். யந்திரம் வந்துவிட்டது, இனி ஆள் எதற்கு என்று கணக்குப் போடுவோர் சிலர். இருவரும் தவறாகவே நினைக்கிறார்கள். 2017இல் தொடங்கிய தமிழ் மின்னூலகத்தில் கடையில் கிடைக்காத பழைய நூல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கிராமத்து மாணவன் காசில்லாமல் படிக்கலாம். அப்படி ஒன்று இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல ஒரு மனிதர் வேண்டாமா? யந்திரம் கூடக்கூட நல்ல வழிகாட்டியின் தேவையும் கூடுகிறது.

அந்த வழிகாட்டி என்ன கற்க வேண்டும்? தமிழில் தட்டச்சு, பிராவிடண்டுக் கணக்கும் இ-ஷ்ரம் பதிவும் பார்க்கும் முறை, வாட்ஸ்அப்பில் வரும் வதந்தியை, அது முதலில் எங்கே வந்தது, எந்தத் தேதியில் வந்தது என்று தேடிச் சரிபார்க்கும் வழி, யூடியூபில் உபயோகமான பாடத்தைப் பொறுக்கித் தரும் பழக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக வந்தவரின் இரகசியத்தைக் காப்பது. ஆதார் எண்ணையும் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் நம்பி நீட்டுகிறார் ஒரு பாட்டி. வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறி, இறக்கிய நகலை அழித்து, கடவுச்சொல் கம்ப்யூட்டரில் தங்கவில்லை என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து உட்காருபவர் அவர் பணத்தில் கை வைக்கலாம். 2005இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்தில், நூல்நிலையக் கம்ப்யூட்டரை யார் உபயோகித்தார் என்று சொல்லும்படி எப்.பி.ஐ. போலீஸ் கேட்டது, கேட்டதை வெளியே சொல்லவும் தடை விதித்தது. நான்கு நூலகர்கள் மறுத்துக் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006இல் போலீஸ் பின்வாங்கிற்று. கருவியின் உள்ளும் புறமும் தெரிந்ததால் அல்லவா, எதைக் கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்தது?

அண்டையிலுள்ள கேரளத்தையும் பாருங்கள். நூறு நாள் கூலி வந்ததா என்று கேட்கவே பாங்கு வாசலில் கூலி வேலைக்காரர் காத்துக் கிடந்த நிலையைக் கண்டு, புல்லம்பாறைப் பஞ்சாயத்தில் செல்போன் பாடம் தொடங்கினார்கள். வேலைத் தலத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். அது மாநிலம் முழுவதும் விரிந்து, முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அங்கேயும் தொண்டர்கள் உழைத்தார்கள். ஊழியரோடு சேர்ந்து மக்களுக்குக் கற்பிக்கும் தொண்டரை நாம் இரு கை நீட்டி வரவேற்கிறோம். ஊழியரின் நாற்காலியைக் காலி செய்து அதில் தொண்டரை உட்கார வைப்பதை எதிர்க்கிறோம்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. நூல்நிலைய ஊழியர் அனைவருக்கும், ஊர்ப்புற நூலகர், பகுதி நேர ஊழியர் உட்பட, வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு பயிற்சி தர வேண்டும். பயிற்சி, ஊழியர் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறையில் இருக்க வேண்டும். மதிப்பெண் போட்டுத் தண்டிக்கும் சாக்காகக் கூடாது. காலி இடங்களை நிரப்ப வேண்டும். புதிய வேலை கொடுத்தால் புதிய ஆளும் கொடுக்க வேண்டும். வசூலான நூலக வரியை உள்ளாட்சி மன்றங்கள் உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஷிப்டுத் தொழிலாளியும் வயல் வேலைக்காரரும் வரக்கூடிய மாலை நேரத்தில் நூலகம் திறந்திருக்க வேண்டும். அதற்காக ஒரே ஊழியரைக் காலை முதல் இரவு வரை நிறுத்தக் கூடாது.

சர்க்கார் தானாகச் செய்யும் என்று காத்திருந்தால் காலம் போகும். சார்லட்டில் 12 கிளைகளும் ஒரேயடியாகப் பூட்டப்படாமல் தடுத்தது நிர்வாகத்தின் இரக்கமா? வாசகர்கள் வீதிக்கு வந்ததுதான். மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போக வேண்டும். அங்கே வாசகர் வட்டம் இருந்தால் அதில் சேர வேண்டும். இல்லாவிட்டால் அமைக்க வேண்டும். கம்ப்யூட்டர் இருக்கிறதா, ஓடுகிறதா, ஊழியருக்குப் பயிற்சி கிடைத்ததா, எத்தனை இடம் காலி என்று கேட்டு எழுதி, மாவட்ட நூலக அலுவலருக்கு மனுக் கொடுக்க வேண்டும். நூலக ஊழியர் தமது கோரிக்கைக்காக நிற்கும் நாளில் அவர் பக்கத்தில் ஆலைத் தொழிலாளியும் நிற்க வேண்டும். அவர் கற்றது நமக்காக. அவர் வேலை நிலைத்தால்தான் அந்தக் கல்வி நம்மிடம் வந்து சேரும்.